வீடு விற்போர் செய்யும் பிழைகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும்

நெய்வேலி நகரியத்தை முதன்முறையாகக் காண வருவோர், நேராக ஓடும் சாலைகளையும், அவற்றின் இரு மருங்கிலும் நிழல் பரப்பி நிற்கும் மரங்களையும், வட்டங்கள் என எண்ணிட்டு வகுக்கப்பட்ட குடியிருப்புகளையும் கண்டு வியந்து போவர். ஆனால் அந்த வீடுகளில் எதையும் அதில் குடியிருப்பவர் விற்க இயலாது என்பது அவர்களுக்கு உடனே தோன்றுவதில்லை. 1935ஆம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிறப் பொருளே பின்னர் இந்நகரம் தோன்றக் காரணமாயிற்று. 1956இல் நிலக்கரி நிறுவனம் நிறுவப்பட்டு, 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு அவர்களால் சுரங்கப் பணி தொடங்கி வைக்கப்பட்டது. 2016இல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனத்திற்கே நகரியத்து வீடுகள் உடைமை. பணிக்காலம் முடிந்ததும் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

ஆகவே, இங்கு உழைத்தவர் தமக்கென்று வீடு தேடுவது நகரியத்தின் எல்லைக்கு வெளியேதான். வடலூர், மந்தாரக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம், கடலூர் என்று அவர்கள் மனை வாங்கிக் கட்டிய வீடுகள் ஏராளம். இதே வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டு வாழும் குறிஞ்சிப்பாடி நெசவாளர்களும், பலாவும் முந்திரியும் பயிரிடும் பண்ருட்டிப் பக்கத்து விவசாயிகளும் தத்தம் வீடுகளில் வசிக்கின்றனர். மக்கள் வெளியூரில் வேலைக்குச் செல்வதாலும், கடனைத் தீர்க்க வேண்டியிருப்பதாலும், உடன்பிறந்தார் பாகம் பிரிவதாலும் அவ்வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன.

துணி விற்பவரும் காய் விற்பவரும் ஆயிரம் முறை விற்று அத்தொழிலில் தேர்ந்தவர்கள். வீட்டை விற்பவரோ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் விற்கிறார். அந்த ஒரு முறையில் நேரும் பிழைக்கு வாழ்நாள் சேமிப்பே விலையாகிவிடுகிறது. சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. வீட்டு விற்பனையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, வாங்குபவர் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன. விலை பேசுவதற்கு முன் பத்திரத்தைச் சீர் செய்துகொள்ளாமையே அவற்றின் வேர். எனவே, விற்க எண்ணும் நாளுக்கு ஆறு மாதம் முன்னரே தொடங்க வேண்டிய வேலைகளை வரிசையாகக் கூறுவோம்.

1. பத்திரங்களைப் பாராமல் விலை பேசுதல்

பெட்டியில் பத்திரம் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் பலர் விலை பேசத் தொடங்கிவிடுகின்றனர். வாங்குபவர் அமர்த்தும் வழக்கறிஞர் அப்பத்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு மூலமான தாய்ப்பத்திரம், அதற்கும் முந்தைய பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார். நம் வட்டாரத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1993ஆம் ஆண்டு வரை இப்பகுதி தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் பின்னரே கடலூர் மாவட்டம் என்றாயிற்று. தாலுகா எல்லைகளும் மாறியுள்ளன. பழைய பத்திரத்தில் ஒரு மாவட்டமும் தாலுகாவும், இன்றைய பட்டாவில் வேறொரு மாவட்டமும் தாலுகாவும் இருப்பது இயல்பே. சர்வே எண் உட்பிரிவாகி இருந்தால் இரண்டும் ஒரே இடம்தான் என்பதை விற்பவரே விளக்கிக் காட்ட வேண்டும். முன்னதாகத் தாலுகா அலுவலகத்தில் உரிய ஆவணங்களைப் பெற்று வைத்திருப்பவருக்கு இது அரை மணி நேர வேலை. பெறாதவருக்கோ, முன்பணம் வாங்கிய பிறகு பல வார அலைச்சல்.

பத்திரத்தில் கண்ட அளவும் பட்டாவில் கண்ட அளவும் வேறுபடுவது மற்றொரு பொதுவான குறை. நில அளவையரைக் கொண்டு மனையை அளந்து, நான்கெல்லையையும் சரிபார்த்துக்கொள்வது நலம். பட்டா இன்னமும் பாட்டனார் பெயரிலோ, விற்றவர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்திற்கு நாம் கொண்டு செல்லும் காகிதங்கள் எல்லாம் ஒரே பெயரையும் ஒரே அளவையும் கூறுவதாக இருத்தல் அவசியம்.

மனைப் பிரிவின் அங்கீகாரமும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2017இல் அரசாங்கம் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அத்தகைய மனையில் வீடு கட்டியவர், வரன்முறை ஆணை பெற்றிருக்கிறாரா என்று வாங்குபவர் கட்டாயம் கேட்பார். வங்கிக் கடன் பெற்று வாங்குபவராயின், அவ்வாணை இன்றி அவருக்குக் கடன் கிடைப்பதே அரிது.

2. வாரிசுகளை விட்டுவிடுதல்

பத்திரத்திற்கு அடுத்தபடி மிகுந்த வழக்குகளை விளைவிப்பது இதுவே. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் சம்பாத்தியத்தில் வடலூரில் வீடு கட்டினார். உயில் எழுதாமல் காலமானார். மனைவி, இரண்டு மகன்கள், மணமான ஒரு மகள், முதிய தாயார் ஆகியோர் உள்ளனர். மகன்கள் இருவரும் தாயாரும் கையெழுத்திட்டால் போதும் என்று குடும்பத்தார் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. சுய ஆர்ஜிதச் சொத்தைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள், இறந்தவரின் தாயார் ஆகிய ஐவரும் சம பங்குடையவர்கள். மகளுக்கு மணமாகிச் சீர் செய்து அனுப்பியாயிற்று என்பது அவர் பாத்தியதையைக் குறைப்பதில்லை. பாட்டியாரின் பங்கை நினைவில் கொள்வோர் மிகச் சிலரே.

பிதிரார்ஜிதச் சொத்தாயின் விதி வேறு. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் திருத்தம், அவ்வாண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன் மணமாகாத மகள்களுக்கு மகன்களைப் போலவே பிறப்புரிமை வழங்கியது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வரம்பை நீக்கி எல்லா மகள்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. 2005 செப்டம்பர் 9ஆம் தேதியன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன் முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் பாதிப்பதில்லை. தாயார் பெயரில் உள்ள வீட்டிற்கும், பிற சமயத்தாரின் சொத்துகளுக்கும் வேறு விதிகள் உள்ளன. ஐயம் எழுமிடத்து வழக்கறிஞரைக் கலந்துகொள்வதே முறை.

இதற்கு வழி எளியது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற்று, அதில் கண்ட அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது விரும்பாதவர் தம் பங்குக்கு உரிய தொகையைப் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துதர வேண்டும். வீட்டில் தமக்கெனப் பங்குள்ள மைனர் எவரேனும் இருப்பின், இயற்கைப் பாதுகாவலராகிய தந்தையோ தாயோ நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் அம்மைனரின் தனிச்சொத்தை விற்கக் கூடாது. அனுமதியின்றி விற்றால், பிள்ளை வயது வந்தபின் அவ்விற்பனையை ரத்து செய்யக் கோரலாம்.

சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ உள்ள மகன் அனுப்பும் அதிகாரப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். அது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் முறைப்படி அத்தாட்சி செய்யப்பட்டு, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கொடுத்தவர் காலமானால் அந்த அதிகாரமும் அன்றோடு முடிந்துவிடும்.

3. அடமானத்தைத் தீர்க்காமல் விற்க முயலுதல்

நம் அங்கத்தினர்கள் பலர் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்திலோ, வங்கியிலோ வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெற்றவர்கள். கடைசித் தவணை செலுத்தியதும் கடன் தீர்ந்தது என்று அவர்கள் நினைக்கின்றனர். சங்கத்தின் கணக்கில் அது தீர்ந்திருக்கலாம். ஆனால் அடமானம் பதிவு செய்யப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதும் பதிவு செய்யப்பட வேண்டும். அதைச் செய்யாதவரை வில்லங்கச் சான்றில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் கடன் தீர்த்தவர்கூட இன்று வில்லங்கச் சான்றைப் பார்த்துத் திகைப்பதுண்டு. அவர் சங்கத்திற்கு விண்ணப்பித்து ரசீதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்கங்களும் இவ்விஷயத்தில் அங்கத்தினரை அலையவிடலாகாது.

வங்கிகளைப் பொறுத்தவரை, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. தாமதம் வங்கியின் பொறுப்பானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும்.

கடன் பாக்கி இருக்கும்போதே விற்க வேண்டியிருந்தால், அதை வாங்குபவரிடம் மறைக்காமல் கூறி, அவர் தரும் தொகையில் ஒரு பகுதியை நேரே கடன் கணக்கில் செலுத்த ஏற்பாடு செய்யலாம். மூலப் பத்திரம் தொலைந்துபோயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்து, பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றும், சார்பதிவாளரிடமிருந்து சான்றிட்ட நகலும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். மூலப் பத்திரத்தைத் தரகரிடம் ஒருபோதும் கொடுத்து வைக்கலாகாது. பார்க்க விரும்புவோருக்கு நகல் போதும்.

4. நிலமெடுப்பு வதந்தியை நம்பி விற்றலும், அறிவிப்பை மறைத்து விற்றலும்

சுரங்கத்தை அடுத்த கிராமங்களில் இவ்விரண்டும் நேரக்கூடும். சுரங்க விரிவாக்கத்திற்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததுமே அச்சமுற்று, வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடுவோர் உண்டு. பின்னர் அறிவிப்பு வந்தால் இழப்பீடு, விற்றவருக்கன்றி வாங்கியவருக்கே போய்ச் சேரும். மறுபுறம், அறிவிப்பு வந்ததை அறிந்தும் சொல்லாமல் விற்பவர் வழக்கில் சிக்குவார். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி முதல்நிலை அறிவிப்பு வெளியான பின்னர், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அந்நிலத்தில் எவ்வித விற்பனையும் செய்யக் கூடாது. வேறு சட்டங்களின் கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கு அவ்வச்சட்ட விதிகள் உள்ளன. ஆகவே சர்வே எண்ணைக் குறித்து எடுத்துச்சென்று, நிலமெடுப்புத் தாசில்தார் அலுவலகத்தில் விசாரித்து அறிந்த பின்னரே விலை பேச வேண்டும்.

அனுபவத்தில் இருப்பதும் பதிவேட்டில் இருப்பதும் வேறு வேறு என்பதை 2023 ஜூலையில் வளையமாதேவியில் நிகழ்ந்தவை எல்லோருக்கும் உணர்த்தின. பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தியதாக நிறுவனம் கூறிய நிலங்களில் உழவர்கள் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது பெருங்கிளர்ச்சி மூண்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. நியாயம் யார் பக்கம் என்பது இக்கட்டுரைக்கு அப்பாற்பட்டது. நாம் கவனிக்க வேண்டியது, நம் கையில் உள்ள நிலம் ஏட்டில் யார் பெயரில் நிற்கிறது என்பதையே. இடம் பெயர்ந்தோருக்கு மாற்றாக ஒதுக்கப்பட்ட மனையில் வீடு கட்டியவரும், ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனைகளை முழுவதும் படித்த பின்னரே விற்க முற்பட வேண்டும். பட்டாவும் இன்றிப் பதிவும் இன்றி வெறும் காகிதத்தில் எழுதிக் கைமாற்றும் வீட்டிற்குச் சட்டத்தின் பார்வையில் விற்பனை என்ற பெயரே இல்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவாகியே தீர வேண்டும்.

5. குறைகளை மறைத்தல்

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் விற்பவருக்குச் சில கடமைகளை விதித்துள்ளது. சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுகொள்ள இயலாத, ஆனால் விற்பவர் அறிந்த குறைகளை வெளிப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் நம் மாவட்டத்துக் கூரைகள் பறந்தன. 2015 நவம்பர் வெள்ளத்தில் பல வீடுகளில் நீர் புகுந்தது. அப்போது விரிசல் கண்ட சுவரை வெள்ளையடித்து மறைத்து விற்பதனால் வரும் இலாபம் சொற்பம். பின்னால் வரும் வழக்கோ நீண்டது. ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், கோடையில் கிடைக்கும் நீர், மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கும் நிலை, அண்டை வீட்டாருடன் உள்ள பாதை வழக்கு ஆகியவற்றைக் கேட்காமலே சொல்லிவிடுபவரை வாங்குபவர் நம்புகிறார். நம்பிக்கை பிறந்த இடத்தில் விலையைப் பற்றிய பேரமும் குறைகிறது.

நெசவாளர்க்கும் விவசாயிக்கும் இங்கே தனியாக ஒரு சொல். நிலத்தோடு இணைந்தவை யாவும், வேறு விதமாகக் கூறாவிடில், நிலத்தோடு சேர்ந்தே விற்பனையாகும் என்பது சட்டம். தோப்பில் உள்ள வீட்டை விற்பவர், பலா மரங்களின் இவ்வாண்டு மகசூல் யாருக்கு, பம்புசெட்டும் மின் இணைப்பும் சேருமா என்பதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். நெசவாளர் வீட்டில் குழித்தறி இருந்தால், தறியைப் பெயர்த்துச் செல்வதா, குழியை மூடித் தருவதா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அவருக்கு வீடு என்பது தொழிற்கூடமும் ஆகும். புதிய இருப்பிடம் சங்கத்தின் செயல் எல்லைக்குள் இருக்கிறதா என்று துணைவிதிகளைப் பார்த்துவிட்டு விற்பது நலம். வீட்டை விற்ற கையோடு நூலும் கூலியும் பெறும் வழி அடைபடலாகாது.

6. விலையைத் தவறாகக் கணித்தல்

வீட்டின் மீது நமக்குள்ள பற்றுக்கு வாங்குபவர் விலை தருவதில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் கேட்ட விலையும் விற்ற விலை ஆகாது. நம்பத்தக்க அளவுகோல்கள் இரண்டு. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. அதே பகுதியில் அண்மையில் பதிவான கிரயங்களின் தொகை மற்றொன்று. அருகிலுள்ள சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் இது தெரியவரும். நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். நிலத்தின் விலை ஏறக்கூடியது, கட்டடமோ ஆண்டுதோறும் தேய்வது. தரகு எவ்வளவு, எப்போது தரப்படும் என்பதையும் முதலிலேயே எழுத்தில் முடித்துக்கொள்க.

விலை முடிந்த பின் நேரும் பெரும் ஆபத்து, பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகப் பெறுவதாகும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆக மொத்தம் 9 சதவீதம் என்பதால், அதைக் குறைக்கவே வாங்குபவர் இவ்வாறு கேட்கிறார். மிச்சம் அவருக்கு, ஆபத்து விற்பவருக்கு. அசையாச் சொத்தின் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 ஜூன் 1 முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளது. பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர் மீதே விதிக்கப்படலாம். பத்திரத்தில் காட்டிய விலை வழிகாட்டி மதிப்பைவிடப் பத்து சதவீதத்திற்கு மேல் குறைந்தால், வழிகாட்டி மதிப்பையே விலையாகக் கொண்டு வரி கணக்கிடுவர். கணக்கில் வராத பணத்தைக் கொண்டு அடுத்த வீட்டை நேர்மையாக வாங்குவதும் இயலாது.

7. முன்பணத்தில் காட்டும் அவசரம்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்வது கட்டாயம். முன்பணத் தொகை, மீதி செலுத்தும் தேதி, தவறினால் முன்பணம் என்னாகும், யார் எந்தச் செலவை ஏற்பது ஆகியவை அதில் ஐயமின்றி இருக்க வேண்டும். காலவரையறையை எழுதாமல் விட்டால் வீடு மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். ஒருவரிடம் முன்பணம் பெற்ற பின், அதிக விலை தருகிறார் என்று மற்றொருவரிடமும் பெறுவது மோசடி வழக்கில் கொண்டுபோய் விடும்.

முழுத் தொகையும் வருமுன் சாவியைக் கொடுத்தல் ஆகாது. குடியேறியவரை வெளியேற்றுவது எளிதன்று. விற்க அதிகாரம் அளிக்கும் பொதுப் பத்திரத்தைத் தரகருக்கோ வாங்குபவருக்கோ எழுதிக் கொடுப்பதும் ஆகாது. அவ்வகைப் பத்திரத்தால் உரிமை மாறுவதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமையும் நம்மிடமே, வரியும் வழக்கும் நம் தலையிலேயே, வீடு மட்டும் பிறர் கையில் என்ற நிலையை நாமே வரவழைத்துக்கொள்ளலாமா?

8. பதிவு நாளில் கவனக்குறைவு

முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகம் கொண்ட பத்திரத்தில், பணம் கணக்கில் வந்து சேர்ந்ததை வங்கியில் உறுதி செய்துகொள்ளாமல் கையெழுத்திடலாகாது. பின்தேதியிட்ட காசோலை பணம் ஆகாது. டிமாண்ட் டிராப்டாயின் அதை வழங்கிய கிளையில் விசாரித்தறிக. விலை 50 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ஆயின் வாங்குபவர் 1 சதவீதம் வரியாகப் பிடித்துச் செலுத்துவார். அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனை நாள் வரையிலான வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மின் கட்டணம் ஆகியவை விற்பவரைச் சார்ந்தவை. ஒப்படைத்த மூலப் பத்திரங்களின் பட்டியலில் வாங்குபவரின் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு, கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்றையும் வைத்துக்கொள்க.

9. விற்ற பணத்தைப் பற்றிச் சிந்தியாமை

விற்ற பின் வரி உண்டு என்பதையே பலர் அறியார். 2012 ஜூனில் 12 லட்சத்திற்கு வாங்கிய வீட்டை ஒருவர் 2025 ஜூனில் 42 லட்சத்திற்கு விற்றார் என்று கொள்வோம். இலாபம் 30 லட்சம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால மூலதன இலாபம். 12.5 சதவீத விகிதப்படி வரி 3,75,000 ரூபாய். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடாகையால், விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம் செலுத்தும் முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012-13க்கு 200, 2025-26க்கு 376 என்ற குறியீட்டின்படி வாங்கிய விலை 22,56,000 ஆகிறது. இலாபம் 19,44,000. அதற்கு வரி 3,88,800. ஆகவே இவருக்கு முதல் முறையே இலாபம். சில வீடுகளுக்கு இரண்டாவது முறை இலாபமாகலாம். கணக்கிட்டுப் பார்க்காமல் சொல்ல இயலாது. இவற்றின் மேல் 4 சதவீதத் தீர்வையும் உண்டு.

இவ்வரியை முறைப்படி தவிர்க்கவும் வழியுள்ளது. இலாபத் தொகையைக் கொண்டு, விற்பதற்கு ஓராண்டு முன்னரோ விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வேறு வீடு வாங்கினாலும், மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலும் விலக்கு உண்டு. விற்ற தொகை முழுவதையும் போட வேண்டும் என்பதில்லை, இலாபத் தொகையே கணக்கு. உடனே வாங்க இயலாதவர், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் அத்தொகையை வங்கியில் மூலதன இலாபக் கணக்கில் இட்டு வைக்க வேண்டும். மரபுரிமையாக வந்த வீட்டிற்கு, முந்தைய உரிமையாளர் வாங்கிய விலையும் காலமும் கணக்கில் சேரும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதலானது. பிரிவு எண்கள் மாறியிருப்பதால் கணக்காளரிடம் கருத்தைச் சொல்லிக் கேட்டறிவதே நல்லது.

வரியைவிடக் கடுமையான இழப்பு ஒன்றுண்டு. குடியிருக்கும் ஒரே வீட்டை விற்று, தொகையைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு வீடாகத் தங்கும் முதியோர் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த முதியவர் அது மீறப்பட்டால் அவ்வாவணத்தை ரத்து செய்யக் கோர இடமளிக்கிறது. ஆனால் வீட்டை அந்நியருக்கு விற்றுப் பணமாகக் கொடுத்துவிட்டால், அந்த வீடு திரும்பி வராது. பணமும் செலவழிந்திருக்கும். ஆகவே அடுத்து எங்கே வசிப்பது, எவ்வளவு கையில் வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானித்துக்கொண்டு, மனைவியையும் கலந்து, அதன்பின்னரே வீட்டை விலைக்கு விட வேண்டும்.

மேற்கூறியவற்றைச் செய்ய ஆகும் செலவு, வில்லங்கச் சான்றுக்கும் நில அளவைக்கும் வழக்கறிஞர் கட்டணத்திற்கும் ஆகும் சில ஆயிரங்களே. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. அங்கத்தினர்கள் இவ்விதழைப் பத்திரப் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்து, விற்கும் எண்ணம் தோன்றும் நாளில் எடுத்துப் படிப்பாராக. சங்கச் செயலாளர்களும், கடன் தீர்த்த அங்கத்தினர்களின் பட்டியலைப் பார்த்து, அடமான ரசீது பதிவாகாமல் நிற்பவர்களை இம்மாதமே அழைத்து அவ்வேலையை முடித்துத் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.